கோழிக்குஞ்சுக்குப் பெய்த மழை

பத்துக்குப் பூஜ்யம். இதைச் சொல்லத்தான் மூன்றாம் வகுப்பு மிஸ் என்னை வேலை நேரத்தில் வரச் சொல்லியிருந்தாள். கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே ஓடினேன். பிள்ளைக்குக் காய்ச்சலோ, மாடிப்படியில் விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டாளோ என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். போய் நின்றால், கணக்கில் பூஜ்யம் என்கிறாள். இதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்தேன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அடக்கி அடக்கியே எனக்கு வாயில் புண் வந்திருக்க வேண்டும்.

கோவில்பட்டியில் தீப்பெட்டி கம்பெனியை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். ஆபீஸுக்குப் போகிறேன் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நான் மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். நான் பார்த்தது களத்து வேலை. குச்சிகளை வெயிலில் பரப்பி, கிண்டிவிட்டு, காய்ந்ததும் அள்ளிக் கொடுக்கும் வேலை. உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வெயிலில் நின்றுதான் என் மகளை இங்கிலீஷ் மீடியத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து உங்க பொண்ணு ஒரு கணக்குகூடச் சரியாப் போடலைம்மா. எப்பப் பாத்தாலும் பத்துக்கு ஜீரோ" என்றாள் மிஸ். என்னைவிடச் சின்னப் பெண்.

அந்த வருஷம் காலாண்டு லீவு முடிந்து திறந்தபோதுதான் பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட் வந்திருந்தது. பிள்ளைகள் விளையாடிக்கொண்டே கணக்குப் படிப்பதற்கென்று ஏதோ வெளிநாட்டு வெப்சைட்டாம். கோவில்பட்டியிலேயே முதல் முறையாக என்று வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். பேனரில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது.

"வீட்டுல கேட்டா டக்குடக்குனு சொல்லுதாளே மிஸ். காப்பரீட்சையிலகூட நல்ல மார்க்கு எடுத்திருக்காளே."

"அது பக்கத்துப் பிள்ளையைப் பாத்து எழுதியிருப்பா. கம்ப்யூட்டர்ல தனியாத்தானே உக்காருறா? அங்க யாரைப் பாத்து எழுதுறது? கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என் பிள்ளையைத் திருடி என்கிறாள். நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன். அதற்குள் பெரிய மிஸ் கூப்பிட்டு அனுப்பிவிட்டார். பெரிய மிஸ் என்றால் தலைமை ஆசிரியை, கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுகிறவர். நிற்க வைத்தே சொன்னார். "தீபாவளி லீவு முடிஞ்சதும் என் முன்னாடி ஒரு தடவை உக்கார வைக்கிறேன். அப்பவும் இப்படித்தான்னா டிசி வாங்கிக்கிடுங்க. மத்த பிள்ளைங்க எல்லாம் எட்டு, ஒம்பதுன்னு வாங்குது. ஒரு பிள்ளையால ஸ்கூல் பேரு கெடணுமா?"

டிசி என்கிற அந்த ரெண்டு எழுத்து அவருக்கு ஒரு காகிதம். எனக்கு அது வேன். வருஷத்து நடுவில் வேறு இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்க மாட்டார்கள், டிசி வாங்கினால் ஊருக்குத்தான் போக வேண்டும். நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஆட்டுக்குப் பின்னால் போவார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் விடியற்காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து ஊர்ப் பெண்பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். நான் ஏறியதும் அந்த வேனில்தான். நாகலாபுரத்துக்கு நடந்தே போய்ப் பத்தாவது வரை போராடிப் படித்தேன். கணக்கில் வகுப்புக்கு நான்தான் முதல். அந்த மார்க் ஷீட்டோடு வேனில் ஏறினேன். என் மகள் ஏறக் கூடாது என்பதற்காகத்தான் புருஷன் வீட்டார் அத்தனை பேரையும் பகைத்துக்கொண்டு, ஊரில் அவரை ஒற்றையாக விட்டுவிட்டு, கோவில்பட்டியில் ஒரு காம்பவுண்டு வீட்டில் ஒற்றை அறை பிடித்துக் கிடந்தேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தப் பகட்டு" என்று என் கொழுந்தன் கேட்டதற்கு, "பாரு, எப்படி வாரான்னு" என்று சவால் விட்டுவிட்டு வந்தவள் நான். எந்த முகத்தோடு திரும்பிப் போவேன்?

என் வீட்டுக்காரருக்கு மட்டும் ஊரைவிட்டு வர முடியவில்லை. கரிசல் காடு, மானாவாரி. மழை பெய்தால்தான் விதைப்பு. விதை உளுந்தும் பருத்தியும் மூட்டையில் தயாராக இருந்தது, உழவுமாடு தயாராக இருந்தது, வானம்தான் தயாராக இல்லை. ஆவணியும் போய், புரட்டாசியும் பொய்த்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறி எங்களைப் பார்க்க வருவார். சாயங்காலம் அவர் கிளம்பும்போது இவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாள். அவளைப் பிய்த்தெடுக்க அவருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். "மழை மட்டும் பெய்யட்டும் தாயி. அன்னைக்கே வந்து உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிருதேன்." பிள்ளையைச் சமாதானப்படுத்தச் சொல்கிற பேச்சு. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

காலாண்டு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது பெண்கள் எல்லோரும் மழைக்கஞ்சி எடுத்தார்கள். மழை கண்ணாமூச்சி காட்டுகிற வருஷங்களில் எங்கள் பக்கம் செய்கிற காரியம் அது. வீடு வீடாகப் போய்ப் பிச்சை ஏந்த வேண்டும். வீட்டில் குதிர் நிறையத் தானியம் வைத்திருக்கிறவளும் ஏந்தத்தான் வேண்டும். வாங்கியதை ஊர் எல்லையில் ஒன்றாகக் கொட்டி, உப்புப் போடாமல் கஞ்சி காய்ச்சி, ஒப்பாரி வைத்து அழுதுகொண்டே குடிக்க வேண்டும். நம் கேவலத்தைப் பார்த்து வானம் இரங்கும் என்பது கணக்கு. இவளும் ஒரு சின்னச் செம்பைத் தூக்கிக்கொண்டு என்னோடு வந்தாள். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்தால் சிரிப்பார்களாம். எனக்குச் சுள்ளென்று வந்தது. "வெக்கப்பட்டா மழை வராதுட்டி. நாலு பேரு சிரிக்கட்டும். கேவலப்பட்டு நின்னாத்தான் மேல உள்ளவனுக்கு மனசு எளகும். முன்னால வா" என்று கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். அப்புறம் அவள் ஒளியவில்லை.

மழை வரவில்லை. லீவு முடிந்து கோவில்பட்டிக்குத் திரும்பினோம். காலையில் களத்தில் நிற்கும்போது முதலாளி வந்து அண்ணாந்து பார்ப்பார். "நல்லவேளை, இன்னைக்கும் மழை இல்ல" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போவார். மழை வந்தால் குச்சி காயாது, வேலை நின்றுவிடும், எனக்கும்தான் சோறு கிடையாது. இருந்தாலும் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பதறும். எங்கள் ஊரில் எவரும் அப்படி ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. பருத்தி வெடித்து நிற்கும்போது கொட்டித் தீர்த்தாலும் சொல்ல மாட்டோம். என் கல்யாணத்தன்று பந்தல் ஒழுகி, பந்தியில் சாம்பாரோடு மழைத்தண்ணியும் சேர்ந்து ஓடியது. என் மாமனார் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே "வரட்டும், வரட்டும்" என்றார். ஒரு தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எந்த வாயால் கேட்பது என்ற பயம் எங்களுக்கு.

சரி, பூஜ்யத்துக்கு வருகிறேன். மிஸ் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஒருவேளை கண் தெரியவில்லையோ என்று கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறாளோ என்று ஊர் அம்மனுக்குக் காசு முடிந்து வைத்தேன். அடுப்படியில் உட்கார வைத்து வாய்ப்பாடு கேட்டேன். ஏழாம் வாய்ப்பாடு, எட்டாம் வாய்ப்பாடு, தலைகீழாகக் கேட்டாலும் சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் போய் ஏன்டி மண்ணாய் நிற்கிறாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். அந்த அழுத்தம் அப்படியே என் அழுத்தம். அதுதான் இன்னும் ஆத்திரமாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் அந்த வெப்சைட்டின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பிரவுசிங் சென்டருக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவர் அந்த வாரம் வரவில்லை, மாட்டுக்குத் தீவனம் தேடி ஓட்டப்பிடாரம் பக்கம் போயிருந்தார். பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். காலேஜ் பையன்களுக்கு நடுவே நான் ஒருத்திதான் சேலை கட்டியவள். கடைக்காரர் நல்ல மனிதர். அவரே வந்து பேரைத் தட்டிக் கொடுத்து, "படம் எறங்க நேரமாகும்மா, பொறுமையா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நேரமாகத்தான் ஆனது. முதலில் நீல வானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்புறம் தரை வந்தது. அப்புறம் தரையில் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு வந்து நின்றது.

கோழிக்குஞ்சுக்கு மேலே ஒரு கணக்கு வரும். கீழே நாலு விடை. சரியான விடையை அமுக்கினால் பளீரென்று சூரியன் வந்து, கோழிக்குஞ்சு குதித்துக் குதித்து ஆடும். அவள் அமுக்கி அன்றைக்கு அது ஒரு தடவைகூட வரவில்லை. பக்கத்து அறையில் அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று அதையே விளையாடியதை எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் திரையில் வந்ததெல்லாம் இன்னொன்று. அவள் ஒவ்வொரு முறையும் தப்பான விடையை அமுக்கினாள். அமுக்கியதும் கருமேகம் திரண்டு வரும். ஸ்பீக்கரில் குடுகுடுவென்று இடி. அப்புறம் மழை. சாரல் இல்லை, தூறல் இல்லை, ஊற்றுகிற மழை. கோழிக்குஞ்சு ஓடிப்போய் ஒரு இலைக்குக் கீழே நின்று நடுங்கும். மழை ஓய்ந்ததும் அடுத்த கணக்கு வரும்.

"ஏட்டி, ஏழெட்டு அம்பத்தாறுல்லா? அந்தா இருக்கு பாரு அம்பத்தாறு. அதை அமுக்குட்டி."

அம்பத்தைந்தை அமுக்கினாள். மழை.

"உனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

அடுத்ததும் தப்பு. மழை. நான் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளுக் கிள்ளினேன். அவள் துள்ளினாளே தவிர, கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கடைக்காரர், "விடுங்கம்மா, பச்சப்பிள்ள. இந்த மழைச் சத்தம் கேக்கவும் நமக்கே சந்தோசமாத்தான் இருக்கு. நெசத்துல எங்க பெய்யுது?" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம். பத்துக் கணக்கும் முடிந்து பெரிய பூஜ்யம் ஒன்று வந்து நின்றது. அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வெயில் பொசுக்கியது. நடுரோட்டில் நின்று அழுதேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

மறுநாள் களத்தில் குச்சியைக் கிண்டிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை. ஒன்றுமே தெரியாத பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாலும் ரெண்டோ மூணோ சரியாக விழத்தான் செய்யும். இவளுக்கு ஒரு நாளாவது ஒன்று விழ வேண்டாமா? தினமும், ஒவ்வொரு முறையும், ஒன்றுகூட விழவில்லை என்றால் சரியான விடை எது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் அதைத் தொடாமல் விலகிப் போகிறாள். அடிப்பாவி மகளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்றவள் என்ன என்று கேட்டாள். சாயங்காலம் எப்போது வரும் என்று நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவளை முன்னால் உட்கார வைத்தேன்.

"அம்பத்தாறுன்னு உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு ஏன்ட்டி அம்பத்தஞ்சை அமுக்குனே?"

பாயைச் சுரண்டினாள். கையை ஓங்கினேன். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"அம்பத்தாறை அமுக்குனா வெயிலடிக்கும்மா."

எனக்கு ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

"தப்பா அமுக்குனாத்தான் மழை பெய்யும். மழை பெய்ஞ்சா அப்பா வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னாவல்லா?"

"அது பொட்டிக்குள்ள பெய்யுத மழைட்டி, கூறுகெட்டவளே. அது எப்படி நம்ம காட்டுக்கு வரும்?"

"மொத நாளு மொத கணக்கைத் தெரியாமத்தான் தப்பா அமுக்குனேன். மழை பெய்யவும் மிச்சத்தையும் தப்பாவே அமுக்குனேன். அன்னைக்குச் சாயங்காலம் தூத்த போட்டுச்சு. களத்துல குச்சியெல்லாம் நனைஞ்சுட்டுன்னு நீதானம்மா வந்து சொன்னே?"

சொன்னேன். ஞாபகம் இருந்தது. நாலு சொட்டு விழுந்ததற்கு முதலாளி அன்றைக்குப் போட்ட கூச்சலும் ஞாபகம் இருந்தது.

"அன்னைக்கு ஏதோ விழுந்துச்சு. அதுக்கும் இதுக்கும் என்னட்டி இருக்கு?"

"கஞ்சி குடிச்சதுக்கும் மழைக்கும் என்னம்மா இருக்கு?"

எதிர்த்துப் பேசவில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் என்ன சொல்ல? ஒன்றும் இல்லை என்று சொன்னால், அப்புறம் எதற்கு என்னைப் பிச்சை எடுக்க வைத்தாய் என்று கேட்பாளே. இருக்கிறது என்று சொன்னால் இதுவும் இருக்கிறது என்பாள்.

"வகுப்புல எல்லாரும் சிரிச்சிருப்பாங்களேட்டி" என்று கடைசியில் கேட்டேன்.

"சிரிச்சாங்க. மிஸ் என்னைய எந்திரிச்சி நிக்கச் சொல்லி எல்லாரையும் பாக்கச் சொன்னாங்க. நான் வெக்கப்படல. வெக்கப்பட்டா மழை வராதுன்னு நீதான சொன்னே?"

அய்யோ, என் வயிற்றில் பிறந்த தெய்வமே. எனக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, அவள் காலில் விழவும் தோன்றியது. ரெண்டும் செய்யாமல் என் தலையில்தான் அடித்துக்கொண்டேன். உப்பில்லாத கஞ்சியைப் பெரியவர்கள் ஒரு பொழுது குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டோம். இவள் மட்டும் தினமும் ஏந்திக்கொண்டு நின்றிருக்கிறாள்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும், மழைக்காகத் தப்பாக அமுக்குகிறாள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "எத்தனையோ பேரன்ட்ஸ் எத்தனையோ காரணம் சொல்லியிருக்காங்க. இது புதுசா இருக்கு" என்றார். "அப்ப லீவு முடிஞ்சு வந்து என் முன்னால சரியா அமுக்கச் சொல்லுங்க. அவ்வளவுதானே?" அவ்வளவுதான். அவருக்கு அவ்வளவுதான்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனோம். எண்ணெய் தேய்த்துக் குளிக்கவே தண்ணீர் இல்லை. கரிசல் தரை கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடந்தது. அவர் இளைத்துப் போயிருந்தார். அவரிடம் நான் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அந்த மனுஷன் உடைந்துபோவார் என்று பயம். கிளம்பும்போது பஸ்ஸுக்குக் கீழே நின்று ஜன்னல் வழியாக அவள் கன்னத்தைப் பிடித்து, "ஐப்பசி முடியல தாயி, இன்னும் நாள் இருக்கு. பெய்ஞ்சதும் வாரேன்" என்று மறுபடியும் அதையே சொன்னார். எனக்கு அவர் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது.

பஸ்ஸில் அவள் காதோடு கெஞ்சினேன். "நாளைக்கு ஒரே ஒரு நாள் சரியா அமுக்கிரு. அம்மாவுக்காக. இல்லைன்னா ஸ்கூல்ல சேத்துக்கிட மாட்டாவ. உனக்குப் படிப்பே இல்லாமப் போயிரும்."

"அப்ப மழை?"

"அதைப் பொறவு பாத்துக்கிடலாம்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் விதைக்காத காடு. ஏன் அந்தப் பக்கம் அவளை உட்கார வைத்தேன் என்று இருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தோம். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெரிய மிஸ் ஒரு பக்கம், மிஸ் ஒரு பக்கம், நடுவில் இவள். கால் தரைக்கு எட்டவில்லை. நான் சுவரோரம் நின்றேன். நீல வானம் இறங்கியது, தரை வந்தது, கோழிக்குஞ்சு வந்து நின்றது. முதல் கணக்கு ஆறு ஒன்பது. நாலு விடைகளில் ஐம்பத்து நாலு இருப்பது எனக்குச் சுவரோரத்திலிருந்தே தெரிந்தது.

அவள் கை மவுஸைப் பிடித்துக்கொண்டு அசையவில்லை.

"ம், பிரஸ் பண்ணு" என்றாள் மிஸ். அசையவில்லை. பெரிய மிஸ் என்னைப் பார்த்தார். பார்த்தீர்களா என்கிற பார்வை. எனக்கு வேன் சத்தமே கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அவள் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அம்மா, மழை வேண்டாமாம்மா?"

சண்டாளி, நீயே சொல் என்று என்னிடம் கொடுத்துவிட்டாள். அவளாக அமுக்கியிருந்தால் அது பிள்ளை விளையாட்டு. கேட்டுவிட்டாள். ஊரில் அந்த நேரத்துக்கு அவர் காட்டில்தான் நின்றிருப்பார். மழைக்கஞ்சி எடுத்த அத்தனை பெண்களும், நனைந்த துண்டைப் பிழிந்த என் மாமனாரும் என் தொண்டையில் வந்து நின்றார்கள். எங்கள் வம்சத்தில் ஒருத்தரும் சொல்லாத வார்த்தை. இந்த இரண்டு டீச்சர்களுக்கு முன்னால், ஒரு கோழிக்குஞ்சுப் பொம்மைக்கு முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று.

"வேண்டாம்டி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மாற்றிச் சொல்வேன் என்று காத்திருந்தாளோ என்னவோ. நான் சொல்லவில்லை. திரும்பி ஐம்பத்து நாலை அமுக்கினாள்.

சூரியன் வந்தது. கோழிக்குஞ்சு ஆடியது. அடுத்ததும் சரி. அதற்கடுத்ததும் சரி. யோசிக்கவே இல்லை. கணக்கு வருவதற்கும் விடையை அமுக்குவதற்கும் இடையில் மூச்சு விட நேரமில்லை. ஒவ்வொன்றுக்கும் பளீர் பளீரென்று வெயில் அடித்தது. பெரிய மிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பத்துக்குப் பத்து என்று வந்ததும் மிஸ் கைதட்டினாள். "பயம்தான்மா இவ்வளவு நாளும். பயம் போனதும் பாருங்க, வெளுத்து வாங்குறா" என்றார் பெரிய மிஸ். எனக்கு அவரைத் திருத்தத் தெம்பில்லை. நன்றி மிஸ் என்றேன். இவள் திரையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் பாவாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று மிஸ் அவளைத் தட்டிக் கொடுத்தாள்.

ஐப்பசி முடிந்தது. மழை பெய்யவில்லை. கார்த்திகையில் இரண்டு நாள் மேகமூட்டம் போட்டுவிட்டுக் கலைந்துபோனது. முதலாளி மட்டும் சிரித்த முகமாக இருந்தார். என் மகள் வகுப்பில் கணக்குக்கு முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பா கிளம்பும்போது சட்டையைப் பிடிப்பதை நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு நாள், வாரத்தின் நடுவில், அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். உழவுமாட்டைக் கைமாற்றிவிட்டாராம். விதை உளுந்தை ஆட்டுக்குப் போட்டுவிட்டாராம். "மில்லுல மூடை தூக்க ஆளு வேணுமாம், சொல்லி வச்சிருக்கேன். இனிமே இங்கனதான்" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் காப்பி கொடுத்தேன். அவருக்கு ஏதாவது சந்தோஷமாகச் சொல்ல வேண்டும் என்று அந்த டிபன் பாக்ஸை எடுத்துக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எந்தாயி கணக்குல புலியாமே? அத்தனையும் சரியாப் போடுதியாமே? எப்படித் தாயி?" என்று கேட்டார்.

"அம்மாதாம்ப்பா மழை வேண்டாம்னு சொல்லிட்டா" என்றாள்.

அவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பழக்க தோஷத்தில் அண்ணாந்து பார்த்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரைதான் இருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். பிள்ளை ஏதோ உளறுகிறாள், நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று என் வாயிலிருந்து வரும் என எதிர்பார்த்த முகம். சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவள் அவர் மடியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன். "சொன்னேன்."